வால் நுனியில் ஒரு பொட்டு

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுக்களை வாசலில் உட்கார்ந்து ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாசல் கேட்டை மூக்கால் தள்ளித் திறந்துகொண்டு ஜிம்மி உள்ளே வந்தான்.

ஜிம்மி என் அண்ணன் வீட்டு நாய். திருநகரில் அண்ணன் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு கொய்யா மரம்தான் எல்லை. காய்க்கிற காலத்தில் அதுவும் எல்லை இல்லை. ஜிம்மி குட்டையான செவலை நாட்டு நாய். இரண்டு வீட்டிலும் சாப்பிடுவான், இரண்டு வீட்டுக்கும் காவல் இருக்க மாட்டான்.

அன்றைக்கு வந்தவனைப் பார்த்ததும் என் கை புளிக்குள்ளேயே நின்றுவிட்டது. நெற்றியில், இரண்டு கண்ணுக்கும் நடுவில், நெல்லிக்காய் அகலத்துக்குக் குங்குமம். வயிற்றிலிருந்தும் காலிலிருந்தும் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. முதுகில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.

"ஏய் கயலு! இங்கிட்டு ஓடியா! இவனுக்கு எவடி பொட்டு வச்சது?"

கயல் என் அண்ணன் மகள். அப்போது ஐந்தாம் வகுப்பு. ஓடி வந்தவள் கத்தவில்லை, சிரிக்கவில்லை. நாயைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

"கோயில் வாசம் வருதுத்தே," என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஜிம்மி நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரைக்கும் உடம்பைச் சிலுப்பினான் பாருங்கள். என் சேலை, சுவர், ரசத்துக்கு வைத்திருந்த புளி எல்லாவற்றிலும் மஞ்சள் புள்ளி.

கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டு ராஜேஸ்வரி அக்கா நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஆத்தாடி! துளுக்கிருச்சே!" என்று ஒரு சத்தம் போட்டார்.

அந்தச் சத்தத்தில் எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போனது. இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

துளுக்கினால்தான் சம்மதம்

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. மாலை போட்டு, பொட்டு வைத்து, சாமி முன்னால் நிறுத்தி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதைத்தான் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது, கிடாவும் சம்மதித்தது என்று அர்த்தம். பெண்கள் குலவை போடுவார்கள். அடுத்தது நடக்கும்.

துளுக்கவில்லை என்றால் தொலைந்தது. கிடாவை விட்டுவிட்டு எல்லாரும் குடும்பத்தைப் பிடித்துக்கொள்வார்கள். யார் என்ன குற்றம் செய்தது?

நான் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் எங்கள் குலசாமி கோயிலில் ஒரு கிடா இப்படித்தான் நின்றது. தண்ணீர் ஊற்ற ஊற்ற, அது சினிமாவுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நிற்பவரைப் போல நின்றதே தவிர அசையவில்லை. என் பெரியப்பாக்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "ஏப்பா, நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நின்னா சாமி எப்படிப்பா ஒத்துக்கிரும்?" என்று ஊரே வைதது. கடைசியில் பெரியவர் சின்னவரைப் பார்த்து, "சாப்புட்டியாடா?" என்று கேட்டார். கிடா துளுக்கிவிட்டது. சின்னவர் பதில் சொல்லக்கூட நேரம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொண்டால், "கிடா நிக்கிது, பேசித் தொலைங்க" என்போம்.

ஆகவே, மஞ்சள் தண்ணீரில் நனைந்து, நெற்றியில் பொட்டோடு ஒரு நாய் வந்து நடுவாசலில் சிலுப்பினால், ராஜேஸ்வரி அக்கா என்ன நினைப்பார்? "இந்த நாயத் தெருக்கோடி முனியாண்டி சாமி கேட்டுட்டாரு. இதுவும் சரின்னுருச்சு" என்றுதான் நினைப்பார். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

இந்தத் தொடரைப் படிக்கிற வாசகர் ஒருவர், "உங்கள் குடும்பத்தில் புத்திசாலி என்று ஒருவர்கூடக் கிடையாதா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் இந்த வாரம்.

சித்தப்பா என்றொரு கிடா

முனி ஏன் எங்கள் வீட்டைத் தேடி வர வேண்டும்? அதற்குக் காரணம் இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மழைக்காலத்தில் கயலுக்குப் பொல்லாத காய்ச்சல். டெங்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தாள். அவள் அம்மா, என் மதினி செல்வி, தெருக்கோடியில் கண்மாய்க்கரை ஓரமாக இருக்கிற முனியாண்டி கோயிலுக்குச் செருப்பில்லாமல் ஓடினாள். "எம்புள்ளயக் குடுத்துரு, ஒனக்கு ஒரு கிடா தாரேன்" என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். சுற்றி நின்ற டாக்டர்களுக்கும் நன்றி, முனிக்கும் நன்றி.

சொன்ன வாக்குக்காகப் பரவைப் பக்கம் போய் ஒரு கருப்புக் குட்டி வாங்கி வந்தார் அண்ணன். நேர்ந்துவிட்ட கிடாவுக்குப் பேர் வைக்கக் கூடாது என்பார்கள். வைத்தால் பாசம் வந்துவிடும். குட்டி வந்த அன்றைக்கே கயல் வைத்துவிட்டாள். குட்டிக்கு முளைத்திருந்த தாடியைப் பார்த்துவிட்டு, "இது அப்படியே செந்தில் சித்தப்பா" என்றாள். செந்தில் என் தம்பி, கோயம்புத்தூரில் வேலை. அன்றிலிருந்து கிடாவின் பேர் சித்தப்பா.

"சித்தப்பா என் செருப்பத் தின்னுருச்சு." "சித்தப்பா மாடிப்படியில புழுக்க போட்டு வச்சிருக்கு." போனில் பின்னணியில் இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தம்பி மனம் நொந்து தாடியை எடுத்துவிட்டான்.

முந்தின வருஷத்து ஆடியிலேயே வெட்டியிருக்க வேண்டியது. குட்டி சின்னது, மழை வருகிறது, கயலுக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்லி மதினிதான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அகத்திக்கீரைக் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு கொத்தாக ஊட்டுவாள். கேட்டால், "சாமிக்குப் போறது கொழுகொழுன்னு இருக்கணும்ல" என்பாள்.

இப்போது நாய் பொட்டோடு வந்து நிற்கிறது. ராஜேஸ்வரி அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்: "செல்வி, முனி ஆள் அனுப்பிட்டாரு. கிடாயக் குடுக்குறியா, வேற உசுர நான் எடுத்துக்கிரவான்னு கேக்குறாரு."

வேற உசுரு என்று அவர் சொன்னபோது மதினி நாயைப் பார்க்கவில்லை. கயலைத்தான் பார்த்தாள்.

கலெக்டர் வந்தார்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பூனை வந்தது. அதன் பேர் கலெக்டர். யார் கூப்பிட்டாலும் உடனே வராது, வந்தாலும் நிற்காது, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். என் வீட்டுக்காரர் வைத்த பேர்.

கலெக்டர் நெற்றி சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அது திரும்பி வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. வால் நுனியில் செக்கச்செவேலென்று குங்குமம்.

நான் திருநீறு மடலை எடுத்து வந்து, பூனைக்குப் பூசுவதா எனக்குப் பூசிக்கொள்வதா என்று தெரியாமல், இரண்டு பேருக்கும் பூசினேன்.

அடுத்து மூன்றாம் வீட்டு டைகர். அது ராஜபாளையம் நாய், கன்றுக்குட்டி உயரம். அதற்கு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, முதுகில் நீளமாக ஒரு சிவப்புத் தீற்றல். தெருவில் எல்லாரும் நாய் பூனைகளைக் கட்டிப்போட ஆரம்பித்தார்கள். அவிழ்த்துக்கொண்டு ஓடின. பொட்டோடு திரும்பி வந்தன. மத்தியான வெயிலில்கூடத் தெருக்கோடிப் பக்கம் போகப் பிள்ளைகள் பயந்தார்கள்.

மதினி நாள் குறித்துவிட்டாள். ஆடிக் கடைசி ஞாயிறு.

அன்று சாயங்காலம் கயல் கொய்யா மரத்தைத் தாண்டி வந்தாள். கண் வீங்கியிருந்தது. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"அத்தே, நீங்க சயின்ஸ் டீச்சர்தான?"

"ஆமா. அதுக்கென்ன?"

"முனி பொட்டு வச்சா எங்கத்தே வைக்கும்?"

"நெத்தியிலதான்."

"அப்புறம் எதுக்குக் கலெக்டருக்கு வால்ல வச்சிருக்கு?"

"முனிக்கு என்ன அவசரமோ" என்றேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் சொன்ன பதில் இது.

கயல் என்னை மதிக்கவே இல்லை. சுவரை ஒட்டி நின்று கையால் உயரம் காட்டினாள். "ஜிம்மி குட்டை. தலைய நிமுத்தி நடந்தா அவன் நெத்தி இம்புட்டு ஒசரம். டைகர் ரொம்ப ஒசரம், ஆனா குனிஞ்சு பதுங்குனா முதுகு இம்புட்டு ஒசரந்தேன். கலெக்டர் வாலத் தூக்குனா நுனி எங்க வருது? இதே ஒசரந்தேன். யாரும் பொட்டு வைக்கலத்தே. ஏதோ ஒரு எடத்துல எல்லாம் நொழையுதுங்க. அங்க ஒரசுது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பயத்தில் இல்லை. அந்தப் பிள்ளையின் தலையை அப்படியே இரண்டு கையாலும் பிடித்து உச்சி முகர்ந்தேன். "விடுங்கத்தே, யோசிக்க விடுங்க" என்றாள்.

தரையில் முளைத்த சிவப்பு

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் ஜிம்மிக்குப் பின்னாலேயே போனோம். நான் எதற்கு? துணைக்கு. யாருக்குத் துணை என்று கேட்காதீர்கள்.

ஜிம்மி கோயில் முன்வாசலுக்குப் போகவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டிக் கருவேலஞ்செடிக்குள் நுழைந்து பின்பக்கமாகப் போனான். கண்மாயில் தண்ணீர் வற்றி, சேறு காய்கிற வாசம். ஈ, காக்கா இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கரகரவென்று தேய்க்கிற சத்தம் கேட்டது. எலும்பை அரைக்கிற மாதிரி. நான் கயலின் பைவாரைப் பிடித்துக்கொண்டேன்.

"போயிருவோமாடி?"

"நீங்க வேணா போங்க. நான் பாத்துட்டு வாரேன்."

அப்போது சுவரடியில், செடிகளுக்கு நடுவே, தரையிலிருந்து சிவப்பாக ஒன்று மெதுவாக எழுந்து நின்றது. கீழே உடம்பு இல்லை. அது மட்டும் நின்று, இடமும் வலமும் ஆடியது.

நான் "முனீஸ்வரா!" என்று கத்திவிட்டேன்.

செடியை விலக்கிக்கொண்டு கலெக்டர் வெளியே வந்தது. வால்தான். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கயல் மண்டிபோட்டுச் செடிக்குள் பார்த்தாள். சுவரடியில் ஒரு ஓட்டை. கோயிலுக்குள் சூலத்தையும் சிலையையும் கழுவுகிற மஞ்சள் தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்த ஓட்டை. வேப்பிலை மிதக்க, தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஓட்டையின் மேல் விளிம்பில் எண்ணெயும் குங்குமமும் குழைந்து அப்பிக் கிடந்தது.

உள்ளேயிருந்து "யாரு அங்கிட்டு?" என்று குரல் வந்தது. பூசாரி. அண்டாவைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அதுதான் நான் கேட்ட எலும்பு அரைக்கிற சத்தம்.

ஆடியில் தினமும் யாராவது கிடா வெட்டிச் சோறு போடுகிறார்கள். நாய் வருகிறது என்று முன்பக்கம் புதிதாகக் கம்பிக் கேட் போட்டுவிட்டார்கள். கறி வாசம் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்த நாய் பூனை எல்லாம் பின்வழி கண்டுபிடித்துவிட்டன. சரி, அந்தக் குங்குமம்?

"எல்லாருக்கும் குங்குமம் குடுத்துட்டு அங்கிட்டுத்தேன் கை கழுவுவேன். கழுவுறதுக்கு முன்ன ஒரு இழுவு இழுத்துக்கிருவேன்," என்று சுவரைக் காட்டினார் பூசாரி. "கை தொடைக்கத் துண்டா தாராக நம்ம ஆளுக?"

இதுதான் முனி அனுப்பிய தூது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கயல் சிரிக்கவில்லை. ஓட்டையிலிருந்து ஜிம்மி வெளியே வந்துகொண்டிருந்தான். உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர். அப்படியே சொட்டச் சொட்ட எங்களைத் தாண்டி வீட்டைப் பார்க்க நடந்தான். அவன் போகிறதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாக்கு வாக்குதான்

துப்புத் துலங்கிவிட்டது, கிடா பிழைத்தது என்றுதான் நானும் நினைத்தேன். கயல் ஒரே ஓட்டமாகப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஓட்டை, விளிம்பு, வால், பூசாரி கை எல்லாம். மதினி பொறுமையாகக் கேட்டாள்.

"சரித்தா. முனி கேக்கல. நாய்தேன் ஒரசிட்டு வந்துருக்கு. ஆனா நான் குடுத்த வாக்கு பொய்யா? அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பட்டது பொய்யா?"

"நாந்தேன் நல்லா இருக்கேன்ல?"

"இருக்கணும்ல! நாளைக்கு ஒனக்கு ஒரு தும்மல் வந்தாலும் எனக்குத் தூக்கம் போயிருமேடி."

"எனக்காகத்தான அத வெட்டுறீங்க. எனக்கு வேணாம்."

மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அகத்திக்கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அண்ணன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் எந்தக் காலத்திலும் இந்த மாதிரி விஷயத்தில் வாய் திறந்ததில்லை.

அதற்குப் பிறகு கயல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கெஞ்சவில்லை, சோற்றை ஒதுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சித்தப்பாவைக் கொய்யா மரத்தடியில் கட்டி, வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு முதுகில் ஊற்றிக் குளிப்பாட்டினாள். ஊற்றும்போது காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். தினமும்.

ஜன்னல் வழியாக அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். போகிற உயிருக்கு அந்தப் பிள்ளை தன்னால் முடிந்ததைச் செய்கிறாள் என்று நினைத்தேன். "பாருங்க, இம்புட்டுப் பாசத்த வச்சுக்கிட்டு எப்படித் தாங்குவா" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

அவர்கள் வீட்டு மஞ்சள்தூள் டப்பா அந்த நாட்களில் அடிக்கடி காலியானது. மதினி யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுசு வாங்கி நிரப்பி வைத்தாள்.

முனி முன்னால்

கடைசி ஞாயிறு காலையில் கோயிலில் நல்ல கூட்டம். பத்துப் பதினைந்து வீட்டுச் சனம். ராஜேஸ்வரி அக்கா குழம்புக்கு என்று தூக்குவாளி கொண்டுவந்திருந்தார், மூடியோடு. சித்தப்பாவுக்குச் செவ்வந்தி மாலை. அது தன் மாலையிலிருந்து ஒரு பூவை எட்டிக் கடித்து மென்றுகொண்டிருந்தது. கயல் அம்மாவின் பக்கத்தில் புதுப்பாவாடையில் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பூசாரி செம்பை எடுத்து முதல் தண்ணீர் ஊற்றினார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். குலவை போட நான் நாக்கைத் தயாராக வைத்திருந்தேன்.

சித்தப்பா பூவை மென்றது. தண்ணீர் முதுகில் வழிந்து தரையில் சொட்டியது. அவ்வளவுதான்.

"தண்ணி பத்தல, நல்லா ஊத்துங்க" என்றது ஒரு குரல். இரண்டாவது முறை ஊற்றினார். சித்தப்பா கண்ணை மூடி, வெயிலுக்கு இதமாக இருக்கிறது என்கிற மாதிரி நின்றது.

முணுமுணுப்பு ஆரம்பித்தது. பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "குடும்பத்துல என்ன கொற? யாரு மனசுல என்ன இருக்கு? சொல்லிருங்கப்பா."

மதினி தரையில் விழுந்துவிட்டாள். "தள்ளிப் போட்டது என் குத்தந்தேன் அய்யா! குடுக்க மனசு வரல. புள்ளயாட்டம் வளத்துட்டேன். நாந்தேன் பாவி. என் புள்ளய ஒண்ணும் செஞ்சுராத!" அவள் அழுத அழுகையில் அண்ணன், நான், குழம்புக்கு வந்தவர்கள் எல்லாரும் அழுதோம். சித்தப்பா மட்டும் அழவில்லை.

பூசாரி கொஞ்ச நேரம் மதினியைப் பார்த்தார். "யாருக்கு நேந்தது?"

"எம்மகளுக்கு."

"அந்தப் புள்ள கையால ஊத்தச் சொல்லு."

கயலின் கையில் செம்பு போனது. அவள் கை நடுங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஊற்றினாள். இந்த முறை தண்ணீர் முதுகில் விழவில்லை. தலையில் விழுந்து காதுக்குள் இறங்கியது. சித்தப்பா கழுத்தைத் தூக்கியது. கோயிலே அசையாமல் நின்றது.

கிடா கயலைப் பார்த்தது. கயல் கிடாவைப் பார்த்தாள். அது மறுபடியும் தலையை இறக்கி, மாலையிலிருந்து இன்னொரு பூவைக் கடித்தது.

பூசாரி பெரிய மூச்சு விட்டார். "முனிக்கு ரத்தம் வேணாமாம். உசுராவே விட்டுருங்கன்றாரு. ஒன் வாக்கு தீந்துச்சு தாயி, எந்திரி." மதினியின் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். வெட்டுக்கு வந்திருந்த கிடாவின் கழுத்தில் ஒரு சலங்கையைக் கட்டி, கோயில் கிடா என்று சொல்லி விட்டார்.

நான் குலவை போட்டேன். தொண்டை கிழியப் போட்டேன். கறிக்குப் பதிலாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். ராஜேஸ்வரி அக்கா அதையும் அந்தத் தூக்குவாளியில்தான் வாங்கிக்கொண்டு போனார், மூடியை மட்டும் கோபமாக மூடினார்.

கொய்யா மரத்தடியில்

கோயில் கிடா என்றால் இஷ்டப்படி திரியலாம். சித்தப்பா இஷ்டப்பட்டது அண்ணன் வீட்டை. எங்களுக்கு முன்னாலேயே சலங்கை குலுங்காமல் நிதானமாக நடந்து வந்து, கொய்யா மரத்தடியில் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வாளி, மக்கு, மஞ்சள், வேப்பிலை. சொட்டச் சொட்ட நடந்த ஜிம்மி.

"அடியேய் கயலு. ஜிம்மி மொத நாள் என் சேல மேல அந்தச் சிலுப்புச் சிலுப்புனான். அன்னைக்கு ஓட்டையில இருந்து வந்தப்ப சிலுப்பவே இல்ல. அதைத்தான பாத்துக்கிட்டு நின்ன?"

கயல் தலையாட்டினாள். "அவனுக்குப் பழகிருச்சுத்தே. தெனமும் நனஞ்சா பழகிரும்ல. அதான் இதையும் பழக்குனேன்."

முனி சொல்கிறது என்று ஊரே நம்புகிற ஒன்றை, ஒரு நாய் நடந்துபோவதைப் பார்த்தே இந்தப் பிள்ளை பிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லாமல், யாரையும் எதிர்க்காமல், அம்மாவின் வாக்கையும் காப்பாற்றி, கிடாவையும் காப்பாற்றிவிட்டாள். அவளை வளர்த்த குடும்பத்தில் நானும் ஒருத்தி என்று எனக்கு அத்தனை பெருமையாக இருந்தது.

ஆனால் கயலின் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. ஏதோ யோசனையாக இருந்தாள்.

"ஆனா அத்தே, வீட்டுல ஒரு நாளும் நான் காதுல ஊத்துனதில்ல. முதுகுல மட்டுந்தேன். அங்க கை நடுங்கி காதுக்குள்ள போயிருச்சு. அது துளுக்கத்தான் பாத்துச்சு. கழுத்தத் தூக்குச்சுல்ல? அப்புறம் என் மூஞ்சியப் பாத்துச்சு. நிறுத்திக்கிருச்சு. எதுக்குத்தே நிறுத்துச்சு?"

இந்த முறை முனியின் அவசரத்தைச் சொல்லி அறிவியல் டீச்சரால் தப்பிக்க முடியவில்லை.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. சித்தப்பா நாலு காலையும் அகட்டி ஊன்றி, காது படபடக்க, மாலையிலிருந்த மிச்சப் பூவெல்லாம் பறக்க, தாடியிலிருந்து வால்வரைக்கும் ஒரு துளுக்குத் துளுக்கியது. கோயிலிலிருந்து அடக்கிக்கொண்டே வந்ததை மொத்தமாகச் சேர்த்துத் துளுக்கியது.

கயலுக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி அடுக்களை ஜன்னலைப் பார்த்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றிருந்தாள். நெற்றியில் பூசாரி பூசிய திருநீறு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

கிடாவைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"கயலு," என்றாள். "கொடியில துண்டு கெடக்கு பாரு, எடுத்து நல்லாத் தொவட்டி விடு. சித்தப்பாவுக்குச் சளி பிடிச்சுக்கிரப் போகுது."